முப்பத்தாறு டிகிரி

முதல் இரவு மூன்று நாற்பதுக்கு அலறியது.
கள்ளிகள்கூட விறைத்து நிற்கிற பிப்ரவரிப் பாலைவனம்.
ஒற்றைக் காலுறையோடு ஓடிப்போய்
ஸ்டியரிங்கின் நடுமண்டையில் அறைந்தான் ஓர்வில்.
நின்றது.
திரும்பி என்னைப் பார்த்தான்,
படுத்தபடியே நான்தான் அமுக்கினேன் என்பதுபோல.

யூமாவுக்கு வடக்கே, தார்ரோடு முடிந்து
சரளையும் ஓய்ந்துபோகிற இடம்.
குளிருக்குத் தப்பி வந்த பதினேழு வண்டிகள்.
எங்களுடையது தொண்ணூற்று மூன்றாம் வருடத்தது.
வடக்கு டகோட்டாவில் பீட்ரூட் நிலத்தை விற்று வாங்கிய
மோட்டார் வீடு.
கூரை ஒழுகும். கழிப்பறைக் கதவுக்குக் கயிறு.
ஹாரன் மட்டும்
கப்பலுக்கென்று செய்ததை
மாற்றிப் பொருத்திவிட்டார்களோ என்னவோ.

இரண்டாம் இரவு மூன்று ஐம்பத்திரண்டு.
காலையில் திபோடோ வந்தார், நியூ பிரன்ஸ்விக்காரர்,
கையில் காபி, முகத்தில் மிச்சத் தூக்கம்.
"எதற்காக?" என்று மட்டும் கேட்டார்.
"காரணமே இல்லை" என்றான் ஓர்வில்,
தன் பிள்ளை செய்த தப்புக்கு
வாசலில் நின்று பதில் சொல்கிறவனைப்போல.

பிறகு டாஷ்போர்டுக்கு அடியில் தலை,
படிக்கட்டில் கால்.
டார்ச் பிடிப்பது என் வேலை.
அங்கே இல்லை. இங்கே. என் கண்ணில் இல்லை, லவோன்.
நாற்பத்தோரு வருடக் குடித்தனத்தை
ஒரு டார்ச் வெளிச்சத்துக்குள் அடக்கிவிடலாம்.
ரிலேயைப் பிடுங்கி வேறு மாட்டினான்.
வயரோடு வயராக ஊர்ந்து எலிக்கடி தேடினான்.
மல்டிமீட்டரின் முள்
எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

"ஊர்வாய்க்குத்தான் உலைமூடி இல்லை.
இதற்கு ஃபியூஸ் இருக்கிறதே,
கழற்றி வைத்துவிட்டுத் தூங்கலாம்" என்றேன்.
"கத்தினால்தானே எங்கே நோவென்று தெரியும்"
என்றது அடியிருட்டுக்குள்ளிருந்து குரல்.
சொன்னவன் யார் என்கிறீர்கள்?
பல் டாக்டரிடம் போகாமல்
ஒரு குளிர்காலம் முழுக்கக் கிராம்பு மென்றவன்.

மூன்றாம் இரவிலிருந்து நான் குறித்து வைத்தேன்,
மளிகைச் சீட்டின் முதுகில்.
மூன்று இருபது. நான்கு ஐந்து.
ஐந்தாம் இரவு மேகமூட்டம், சத்தமே இல்லை.
கடிகாரம் ஒவ்வொரு நாளும் ஒன்று சொன்னது.
ஜன்னலுக்கு வெளியே தொங்கிய தெர்மாமீட்டர்
ஒரே பேச்சு:
ஃபாரன்ஹீட்டில் முப்பத்தாறு.

சீட்டை நீட்டினேன். ஓர்வில் இரண்டு தடவை படித்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
சோலார் தகடு மாட்ட வந்த ஷெல்பி அர்மென்டாதான்
"நிரூபியுங்கள் பார்க்கலாம்" என்று சிரித்துவிட்டு
பத்து பவுண்டு ஐஸ் மூட்டையோடு திரும்பினாள்.

நண்பகல். நல்ல வெயில்.
ஸ்டியரிங்கின் மேல் ஐஸைக் கிடத்தினோம்,
ஜுரக்காரன் நெற்றியில் ஈரத்துணி போல.
மடக்கு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு
பதினேழு வண்டிகளும் வந்துவிட்டன.
யாரோ வறுத்த சோளம் சுற்றுக்கு விட்டார்கள்.
பதினோராவது நிமிடம்
அது அலறியதே அலறல்!
எழுந்து நின்று கைதட்டினார்கள்.
திபோடோவின் நாய்
சாயங்காலம்வரை சக்கரத்தடியை விட்டு வரவில்லை.

கறுப்பு மூடியைக் கழற்றினால்
உள்ளே இரண்டு பித்தளை நாக்குகள்.
வெயிலில் விலகியிருப்பவை.
குளிரில் பிளாஸ்டிக் சுருங்கச் சுருங்க
ஒன்றையொன்று தொட்டுவிடுகின்றன.
அவ்வளவுதான் விஷயம்.
என் குளியல் செருப்பின் ஓரத்தில் நகத்தளவு ரப்பர் வெட்டி
நடுவில் வைத்தான்.
கேட்காமலே வெட்டினான்.

அன்றிரவு முப்பத்து மூன்றுக்கு இறங்கியது.
சத்தமில்லை.
ஆனாலும் விழித்துக் கிடந்தோம்.
திபோடோவின் ஜன்னலிலும் மஞ்சளாய் வெளிச்சம்.
நெடுநேரம் கழித்து,
ஒழுகும் கூரையைப் பார்த்தபடியே ஓர்வில்,
"இடது தோள்" என்றான்.
"நவம்பரிலிருந்து."

எழுந்து உட்கார்ந்தேன்.
அந்த டார்ச்சை எங்கே வைத்தோம்?