யாக்கோபுஸ், கருப்பன் மகன்

ரயில்வே தபாலில் முப்பத்தொரு வருடம்
அடுத்தவர் கையெழுத்தைப் படித்தே சம்பளம் வாங்கியவன்.
அந்தத் திமிரில்தான்
தேவகோட்டைப் பங்கு அலுவலகத்தில்
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
வேலை ஓய்ந்தவனுக்கு ஏதாவது வேண்டுமே.

எழுத்தர் லூர்துராஜ் அலமாரியைத் திறந்தார்.
பர்மாத் தேக்கு, ஏதோ செட்டியார் வீட்டில் கொடுத்ததாம்.
"பக்கத்தைத் தூக்கித் திருப்புங்க, இழுக்காதீங்க.
ஒரு மணிக்குப் பூட்டணும்."

ஞானஸ்நானப் பதிவேடு, நாலாவது. முழுக்க லத்தீன்.
பிரெஞ்சுச் சாமியார் தலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு
காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயர்கள்.
பிள்ளைகளின் பெயர்களை மட்டும் ரோமாபுரிக்கு அனுப்பிவிட்டார்.
சூசை அங்கே யோசேப்புஸ். ராயப்பன் பேத்ருஸ்.
என் பூட்டன் சந்தியாகு
யாக்கோபுஸாகத்தான் இருக்க வேண்டும்.

ஏழு யாக்கோபுஸ் இருந்தார்கள்.
ஒருவன் ஆறாம் நாளே போய்விட்டான், பக்கத்தில் சிறு சிலுவை.
ஒருவனுக்குத் தாய் பெயர் மட்டும்.
ஒருவனைப் பூச்சி தின்றிருந்தது, தகப்பனோடு சேர்த்து.
ஐந்தாவது, எண்பத்தொன்பது, ஆடி மாதம்:
தகப்பன் கருப்பன்.
அதற்குப் பின்னால் ஒரு சொல்.
லூர்துராஜ் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: அஞ்ஞானி.
ஞானத்தாய் உபதேசியார் மனைவி.
அந்த வருடம் நாற்பத்துமூன்று பிள்ளைகளுக்கும் அவள்தான்.

கருப்பன்.
ஆதியிலிருந்தே வேதக்காரர்கள் நாங்கள் என்று
கல்யாணப் பந்தியில் அப்பா சொல்லும்போது
இலைக்கு அடியில் இருந்திருக்கிறார் இவர்.

அது போகட்டும். ஓரத்தைப் பார்த்தேன்.
கல்யாணம் நடந்தால் ஞானஸ்நான வரிக்குப் பக்கத்திலேயே
குறித்துவைப்பது அவர்கள் சட்டம்.
மேலே கறுப்பு மை: பத்தொன்பது, இதே கோவில், வியாகுலம்.
என் பூட்டி.
கீழே நீல மை, வேறு கை:
பன்னிரண்டு, மோல்மேன்,
யாகப்பன் எனப்படும் இவர், மரியா மா தெயின்.

மேலிருந்து கீழே வந்தால்
வருடம் பின்னுக்குப் போகிறது.
தபால்காரனுக்கு அதை விளக்க வேண்டாம்.
முன்னே போட்ட கடிதம்
பின்னே வந்து சேர்ந்திருக்கிறது.

மூனா சீனா விலாசத்துக் கிட்டங்கியில்
காவலுக்குக் கப்பல் ஏறியவர்.
அக்கரையில் யாகப்பன், இக்கரையில் சந்தியாகு.
இரண்டும் ஒரே புனிதர்தான் என்று
லத்தீனுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.
பொய்ப் பெயர் கொடுத்தார் என்று சொல்ல வழியில்லை.

அவள் இறந்திருக்கலாம்.
விஷக்காய்ச்சல் ஊர் ஊராக அள்ளிப்போன காலம்.
இறந்தாள் என்று கறுப்பும் சொல்லவில்லை, நீலமும் சொல்லவில்லை.
கடைசியில் பென்சிலில் ஒரு கேள்விக்குறி,
எந்தச் சாமியார் போட்டதோ,
பேப்பருக்கு வலிக்கக் கூடாது என்பதுபோல.

அடுத்த ஏட்டைக் கேட்டேன்.
இருபத்தொன்று. என் தாத்தா.
மகன் என்பதற்குப் பக்கத்தில்
முறையாகப் பிறந்த என்று ஒரு சொல்.
அதை யாரும் அடிக்கவில்லை.
நீல மைக்காரர் வந்து பார்த்திருப்பார்.
பென்சில்காரரும் விரல் வைத்துப் பார்த்திருப்பார்.
அடிக்கவில்லை.
பன்னிரண்டு வீடு, ஒரு அரிசி ஆலை, துபாயில் நாலு பேர்,
எல்லோரும் அந்தச் சொல்லின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

மோல்மேனிலும் ஒரு ஏடு இருக்கும்.
குண்டுக்கும் மழைக்கும் தப்பியிருந்தால்
என் வயதில் ஒருவன், என் மூக்கோடு,
அதன் முன்னால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கலாம்.
அவன் விலாசம் எனக்குத் தெரியாது.

"கிடைச்சிருச்சுபோல" என்றார் லூர்துராஜ்.
"சான்றிதழ் ஐம்பது ரூபாய்.
ஓரக் குறிப்பைச் சேர்த்து எழுதவா, விட்டுரவா?"
சேர்த்தே எழுதுங்கள் என்றேன்.

அவர் எழுத்து நல்ல எழுத்து. எந்த ஊருக்கும் போய்ச் சேரும்.
கருப்பன், வியாகுலம், மா தெயின் வரைக்கும் எழுதிவிட்டு
பேனாவைத் தூக்கினார்.
"இந்தக் கேள்விக்குறியையும் போடணுமா சார்?"

பென்சில் இருக்கிறதா என்று கேட்டேன்.