மேலமேலமணக்குடி

இந்த நாற்காலிக்கு அடுத்து வருகிறவருக்கு:
இது இடப்பக்கம் சாயும்,
சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொள்ளுங்கள்.
விசைப்பலகையில் எஸ் எழுத்து தேய்ந்துபோனது
என்னால்தான்.
ராஜாக்கமங்கலம் பக்கம் வானம் இருண்டால்
வடசேரியில் கரண்ட் போகும்.
யுபிஎஸ் மூன்று நிமிடம் தாங்கும் என்று
அதை விற்றவர் சொன்னார்.
ஒவ்வொரு வரிக்கும் கன்ட்ரோல் எஸ்.
பழகிப்போய்
வீட்டில் சோறு பொங்கும்போதும்
இடதுகைச் சுண்டுவிரல் துடிக்கிறது
எதையோ சேமிக்க.

கிளாட்சன் சார் நல்லவர், அவசரக்காரர்.
ஊர்ப்பெயரெல்லாம் ஒழுங்காக இருக்கட்டும்,
வெறும் மணக்குடி என்று இருப்பதை
மேலமணக்குடி ஆக்கு என்றார்.
கன்ட்ரோல் எச்.
அனைத்தையும் மாற்று.
கண்மூடித் திறப்பதற்குள்
மேலமணக்குடி மேலமேலமணக்குடி ஆயிற்று.
கீழமணக்குடி
பாலத்தில் கால் வைக்காமலே
கழிமுகத்தைத் தாண்டிவந்து
கீழமேலமணக்குடி ஆயிற்று.
பக்கத்து மேசை ஜெனோபா சிரித்த சிரிப்பில்
கட்டன்சாயா அவள் மூக்கில் ஏறியது.
கன்ட்ரோல் இசட்.
நானூற்றுப் பன்னிரண்டு குடும்பமும்
அவரவர் கரைக்குத் திரும்பின.

முழுக் கட்டமும் பொருந்தினால் மட்டும் மாற்று
என்றொரு சின்னப் பெட்டி அங்கேயே இருக்கிறது,
டிக் போட வேண்டும்.
அதற்குப் பிறகுதான் அதைப் பார்த்தேன்.
இன்னொன்று.
கோப்பை மூடித் திறந்துவிட்டால்
இசட்டுக்கு எதுவும் ஞாபகமில்லை.
கைவைக்கும் முன்பே எஃப் பன்னிரண்டு,
தேதி போட்டு ஒரு பிரதி.

முட்டத்திலிருந்து மார்செலின் வருவாள்.
மீன்பாத்திரத்தைக் கீழே டெய்லர் கடையோரம் வைத்துவிட்டு
இருபத்திரண்டு படி ஏறுவாள்.
தடைக்காலப் பணம் வந்துட்டா பிள்ளே?
பேங்க்ல கேளுங்க என்பேன்.
பேங்க்கில் சங்கத்தில் கேட்கச் சொல்வார்கள்.
இப்படி இரண்டு வருடம்.
ஒருநாள் பாஸ்புக்கை என் மேசைமேல் போட்டு
நீயே பாரு என்றாள்.
பார்த்தேன்.
கணக்கு எண்ணின் தலையில் இரண்டு பூஜ்யம்.
என் திரையில் அவை இல்லை.

எண்ணுக்கு முன்னால் நிற்கும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று
நம் பள்ளிக்கூடமும்தான் சொல்லித்தந்தது.
எக்செல் அதே கணக்கைத்தான் போட்டது.
என்டருக்குப் பக்கத்தில் ஒற்றை மேற்கோள் இருக்கும்,
கொசு அளவு.
அதை முதலில் தட்டி, பிறகு எண்ணைத் தட்டவும்.
அச்சில் வராது.
கட்டத்திலும் தெரியாது.
ஆனால் பூஜ்யங்கள் எழுந்து போகாமல் நிற்கும்.

ரெண்டு முட்டைக்கா பிள்ளே
என்னைய இத்தனை நாளு ஏற வச்சே
என்று கேட்டாள் மார்செலின்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
தட்டியது நான்.
இசட் அவ்வளவு தூரம் பின்னால் போகாது.
பணம் வந்த மாதம் அவள் வந்து சொல்லவுமில்லை,
மீன் கொண்டுவந்து தரவுமில்லை.
அதுதான் சரி.

அன்று சாயங்காலம் லென் ஃபார்முலா போட்டு
எல்லா எண்ணுக்கும் இலக்கம் எண்ணினேன்.
இலக்கம் குறைந்த கணக்கு
இன்னும் முப்பத்தொன்று.
அதில் நான்கு பேர்
ஒருமுறைகூட வந்து கேட்டதில்லை.
அந்த நான்கு பெயரும் எனக்கு மனப்பாடம்.
இங்கே எழுதவில்லை.
பட்டியலில் மஞ்சள் அடித்து வைத்திருக்கிறேன்.
போன் போட்டுப் பேசியாயிற்று மூன்று பேரிடம்.
நான்காவது எண் சுவிட்ச் ஆஃப்,
தேங்காய்ப்பட்டணம்,
உங்கள் வேலை.

சாயா குடிக்க எழுந்தால் விண்டோஸ் எல்.
யாருக்கு எவ்வளவு வந்ததென்று
படியேறி வருகிற எல்லோரும் பார்க்க வேண்டாம்.
தலைப்பு வரியை உறையவைத்திருக்கிறேன்.
எவ்வளவு கீழே இறங்கினாலும்
எண்களுக்கெல்லாம் மேலே
பெயர் என்ற சொல் நிற்கும்.
அதை எடுத்துவிடாதீர்கள்.

அலமாரிச் சாவி ஜெனோபாவிடம்.