சாரம்

ஐந்தடுக்குச் சாரம், நாள் வாடகை எழுபது டாலர்.
முன்பணம் வாங்காமல் ஒரு குழாயும் வெளியே போகக்கூடாது.
என் அப்பன் கடைச்சுவரில் எழுதிவைத்த சட்டம் இது.
செஃபீனா ஹேகனிடம் மட்டும் அது செல்லுபடியாகவில்லை.

தாய் சமோவாக்காரி.
தகப்பன் நார்வேயிலிருந்து மீன்பிடிக்கப் போய்
டகோமாவில் கரைதட்டியவன்.
விண்ணப்பத் தாளில் "இனம்: ஒன்றை மட்டும் குறிக்கவும்"
என்றிருந்த கட்டங்களின் குறுக்கே
நீளமாய் ஒரு மீன் வரைந்தாள்.
நகராட்சி திருப்பி அனுப்பியது.
பிறகு இருபது வருடம்
"மற்றவை" என்ற பெயரில்தான் காசோலை வாங்கினாள்.

முதல் சுவர் ஒரு சலவைக்கடையுடையது.
கூலி, ஓராண்டு இலவச வெளுப்பு.
அவள் சட்டை ஒன்றுகூட வெளுக்கவில்லை.

எனக்குப் படம் தெரியாது, பாரம் தெரியும்.
எந்தப் பலகை எத்தனை வாளியைத் தாங்கும்,
எந்தக் காற்றில் ஆளைக் கீழே இறக்க வேண்டும்.
கூட்டங்களுக்கும் அதற்காகத்தான் போனேன்,
மடக்கு நாற்காலி, ஆறிப்போன காப்பி.
கெமர்க் கோயிலிலிருந்து வந்தவர்
ஆறு வேண்டாம், படகு வேண்டவே வேண்டாம் என்றார்.
ஏன் என்று அவள் கேட்கவில்லை.
உக்ரைன் தேவாலயத்துப் பெண்ணுக்குச் சூரியகாந்தி,
பள்ளிப் பையன்களுக்குப் பந்து.
பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து,
"மூணு தெரு தள்ளி நிஜக் கடலே கிடக்கு,
சுவத்துல எதுக்கு இன்னொண்ணு?" என்றான்.
விழுந்து விழுந்து சிரித்தாள்.
அன்றிரவே கடலை அழித்தாள்.

பதினோரு கூட்டம், ஒரு சுவர்.
யார் வரைந்தது என்று கேட்டால்
தெருவே கை தூக்கும்.
அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.
ஒருநாள் உச்சி அடுக்கில் உட்கார்ந்து,
"எனக்கென்று ஒரு நீலம் இருந்தது, போன இடம் தெரியவில்லை"
என்றாள்.
நான் திருகாணியை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.
சலவைக்கடை கைமாறியது.
புது முதலாளி சாரம் கேட்டான், முன்பணமும் கொடுத்தான்.
எதற்கென்று நான் கேட்கவில்லை, கேட்கும் வழக்கமும் இல்லை.
திங்கட்கிழமை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்
இறக்கியபோதுதான் சுவரைப் பார்த்தேன்.
பக்கத்தில் சாம்பல் நிறச் சாயம், டின் டின்னாக.
என் குழாய்கள், என் பலகைகள்,
அவள் நின்ற அதே அடுக்கில் வேறொருவன் உருளையோடு.

மாலையில் வந்தாள்.
கத்துவாள் என்று வண்டிக்குள்ளேயே இருந்தேன்.
கண்ணாடியைத் தட்டி,
"எத்தனை பூச்சு?" என்று கேட்டாள்.
மூன்று என்றேன்.
"போதாது. என் சிவப்பு எட்டிப் பார்க்கும்."
பார்த்தது, அடுத்த மழைக்காலத்திலேயே.
அந்தச் சாம்பலில் இன்றும் ஒரு தடிப்பு இருக்கிறது,
தெரிந்தவர் கண்ணுக்கு அது சூரியகாந்தி.
அந்த வாடகைப் பணத்தை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.
குளிர்காலம், இரண்டு பேருக்குச் சம்பளம் பாக்கி.

சாரம் என்றால் கழற்றத்தான் கட்டுகிறோம்.
கழற்றிய பிறகு நிற்பதற்கும் அதே பெயர் உண்டென்பது
எனக்கு வெகுகாலம் தெரியாது.

முழங்கால் தேய்ந்த பிறகு அவள் ஏணி ஏறவில்லை.
கடைசி வேலை பேருந்து நிலையத்தின் தரை.
உடைந்த தட்டுகளைக் கொண்டுவரச் சொன்னாள்,
ஊரே உடைத்துக்கொண்டு வந்தது.
தரைக்குச் சாரம் எதற்கு?
இருந்தும் என்னைக் கூப்பிட்டாள்.
கையில் ஒரு சில்லைக் கொடுத்தாள்.
பச்சை விளிம்பு, ஏதோ ஒரு வீட்டின் சாப்பாட்டுத் தட்டு.
கோணலாக வைத்துவிட்டேன்.
எடுக்கப் போனேன்.
"விடு," என்றாள்.

ஆறு மணிப் பேருந்து வந்தது.
குனிந்து பார்க்காமல் எல்லோரும் மிதித்துப் போனார்கள்.
அவள் என் பக்கம் திரும்பி,
தொழில்காரியின் குரலில்,
"மழையில் வழுக்குமா?" என்றாள்.
பூட்ஸ் காலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன்.

வழுக்காது.