கெண்டைக்குத் தண்ணீர்

ஜியன் மணல் லாரி ஓட்டுபவர்.
முப்பது ஆண்டுகள் ச்சோஷுயி ஆற்றங்கரைச் சாலை,
தூக்கம் வராதிருக்கக்
கன்னத்தில் எப்போதும் ஒரு பாக்கு.
அது தாடையைத் தின்றுவிட்டது.

பதினோரு மணி நேரம்.
இடது காலின் சின்ன எலும்பை
மூன்று துண்டாய் அறுத்து வளைத்துத்
தாடையாக்கினார் டாக்டர் யௌ.
எலும்போடு ஒட்டி வந்த தோல்
உள்கன்னமாய் உட்கார்ந்தது.
அந்தத் தோலில் பாதிக் கெண்டைமீன்.
பத்தொன்பது வயதில், பட்டாளத்தில்,
குடிபோதையில் குத்திக்கொண்ட பச்சை.
தலை வாய்க்குள் போய்விட்டது,
வால் கெண்டைக்காலிலேயே தங்கிவிட்டது.

என் வேலை, மணிக்கொரு முறை
டார்ச் அடித்து மீனைப் பார்ப்பது.
சூடு இருக்கிறதா,
மை படாத ஓரத்தில் விரல் வைத்து எடுத்தால்
வெளுத்து மெல்லச் சிவக்கிறதா.
பிறகு டாப்ளர் பேனாவை வைத்து
ஈர்க்குச்சி அகல வாய்க்கால் ஒன்றில்
ஷூ... ஷூ... என்று நீர் பாய்வதைக் கேட்டுக்
கட்டத்தில் டிக் போடுவது.

இரண்டாம் இரவு, மூன்று மணி.
ஆற்று மணலை அள்ளி அள்ளி
ஜன்னலில் எறிந்துகொண்டிருந்தது வாடை.
மீன் நீலமாக இருந்தது.
மையின் நீலம்தானே என்று
ஒரு கணம் என்னை நானே ஏமாற்றப் பார்த்தேன்.
ஊசி முனையால் தொட்டேன்.
கறுப்பாய் வந்தது,
உள்ளே வரத் தெரிந்த
வெளியே போக வழியற்ற ரத்தம்.

போன் செய்தேன்.
யௌ ஓடிவந்தார், பொத்தான் மாறிப் போட்ட சட்டை.
கழுத்தில் குழாய் இருப்பதால் ஜியனுக்குப் பேச்சில்லை.
பலகையில் எழுதினார்: செத்துவிட்டதா?
எது என்று நான் கேட்கவில்லை.

சிரையில் உறைந்ததை எடுத்துவிட்டு
மயிரினும் மெல்லிய நூலால் மறுபடி தைத்தார்கள்.
விடிந்தபோது இளஞ்சிவப்பு.
சாவியைக் காலை ஷிப்ட்டிடம் கொடுத்துவிட்டுப்
படிக்கட்டில் உட்கார்ந்து
ஆறிப்போன சோயாப் பாலைக் குடித்தேன்.
கை நடுங்கியது அப்போதுதான்.

ஏப்ரலில் வந்தார், கொஞ்சம் விந்தி விந்தி.
எங்களுக்கென்று மனைவி கையில் ஒரு கட்டுப் புதுப்பூண்டு.
அவருக்கு இன்னும் கஞ்சிதான்.
உள்கன்னத்தில் முடி முளைக்கிறதாம்,
காலில் இருந்த அதே சுருள்.
"மீனுக்கு மீசை" என்று சிரித்தார்,
ஒரு பக்கமாய் எச்சில் வழிய.
மனைவி கைக்குட்டையை நீட்டினார்.
"முப்பத்தைந்து வருஷம் காலில் காய்ந்து கிடந்தது.
இப்போதுதான் அதற்குத் தண்ணீர்."

பழக்கதோஷம்,
டார்ச்சை எடுத்துவிட்டேன்.
அவரும் திறந்தார்,
இரண்டு விரல் அகலம்.