வியாழன் இரவு பை இல்லை

மண்டபத்து நண்டுக் கம்பெனியில்
எட்டு மணி நேரம் நின்று சதை உருவுகிறேன்.
தலைக்கு வலை, கைக்கு உறை,
உள்ளே நுழையுமுன் குளோரின் தண்ணீரில் விரல் முக்க வேண்டும்.
நகம் வளர்த்தால் சூப்பர்வைசர் திருப்பி அனுப்பிவிடுவாள்.
எங்கேயோ ஒரு சீமைக்காரன் தட்டுக்கு இத்தனை சுத்தமா என்று
சேர்ந்த புதிதில் சிரித்திருக்கிறேன்.

இப்போது வீட்டிலும் அதே கை.
ஏழு மணிக்கு ஃபிரிட்ஜைத் திறந்து பையை எடுக்கிறேன்.
படகு எஞ்சினை விற்று வாங்கிய ஃபிரிட்ஜ்,
அதில் மீன் வைப்பதில்லை.
மேசையில் கிடந்து குளிர் விடட்டும்.
பைக்குள் மூன்று அறை.
மேலிருந்து சுருட்டி அழுத்தினால் தடுப்பு விட்டுப்போய்
சீனித் தண்ணீரும் இன்னொரு தண்ணீரும் கொழுப்பும் கலந்து
பாலாகிவிடும்.
பாலென்று சொல்லக்கூடாது.
"அப்பாவுக்கு மட்டும் தினமும் பாலா?" என்று
ஜெனிலா ஒருநாள் கேட்டாள்.
அன்றிலிருந்து அது வெறும் பை.

குடலுக்குப் போகிற ரத்தம் அடைத்து
கறுத்துப்போனதையெல்லாம் வெட்டிவிட்டார்கள்.
மிச்சத்தை டாக்டர் சென்டிமீட்டரில் சொன்னார்.
தஸ்நேவிஸ் தன் முழங்கையை வைத்து அளந்து பார்த்தார்,
ஒன்றரை முழம்.
"கிழிஞ்ச வலையில தேறின துண்டு" என்றார்.

நெஞ்சில் தொங்கும் குழாயின் வாயை
ஸ்பிரிட் பஞ்சால் முப்பது விநாடி தேய்க்க வேண்டும்.
கடிகாரத்தைப் பார் என்றாள் மதுரையில் மரகதவல்லி சிஸ்டர்.
நான் அருள்நிறைந்த மரியே சொல்கிறேன்,
நிதானமாக, இரண்டு.

ஒன்றோடு நிறுத்திய ஒரு சித்திரை ராத்திரி
பை ஏறத் தொடங்கி ஒரு மணி நேரத்தில்
கட்டில் ஆட ஆட நடுங்கினார்.
ஆம்புலன்ஸில் மூன்று மணி நேரம்.
பார்த்திபனூர் தாண்டும்போது கண்ணைத் திறந்து
"அலை கூடுதலா இருக்கு" என்றார்.
காரணம் அதுதான் என்று யாரும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

வலை தொங்கிய கொக்கியில் பை தொங்குகிறது.
பம்பு முனகிக்கொண்டே இருக்கும் விடியும்வரை.
கரண்ட் போனால் எழுந்து பேட்டரியைப் பார்ப்பேன்.
இரண்டு மூன்று தடவை அவர் எழுந்து
எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மூத்திரம் பெய்யப் போவார்,
நான் கேட்டுக்கொண்டே கிடப்பேன்.

பகலில் நாலு வாய் காரல் சொதி, ருசிக்கு.
அரை மணியில் போய்விடும்.
வாய்க்குப் பசிக்கிறது என்பார்,
வயிற்றைப் பற்றிப் பேச்சே இல்லை.

ரத்தப் பரிசோதனை நன்றாக இருந்த மாதம்
வாரத்தில் ஒரு ராத்திரி பை வேண்டாம் என்றார் டாக்டர்.
எந்த ராத்திரி என்று நான் யோசிப்பதற்குள்
"வியாழன்" என்றார் இவர்.
விசைப்படகு போகாத நாள்,
என் தம்பி ரெமிஜியுஸின் வத்தை போகிற நாள்.

உப்புத் தண்ணீர் ஒரு சொட்டுப் படக்கூடாது.
பிளாஸ்டிக்கை இரண்டாக மடித்து நாலு பக்கமும் டேப் ஒட்டினேன்.
வலையைத் தொடக்கூடாது,
பின்னணியத்தில் உட்கார்ந்து வரவேண்டும், அவ்வளவுதான்.
தலையாட்டினார்.
தலையாட்டுகிற ஆள் இல்லை அவர்.

அன்று பம்பு சத்தமில்லாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை.
ஒரு மணிக்குக் கரண்ட் போனது.
எழுந்து உட்கார்ந்தேன்,
பார்க்க ஒன்றுமில்லை என்பது
கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.
கச்சான் ஓலைவேலியை உலுக்கிக்கொண்டிருந்தது.

நாலரைக்கு வந்தார், உடம்பெல்லாம் கடல் வாடை.
சட்டையைக் கழற்றச் சொல்லி டார்ச் அடித்தேன்.
டேப் விடவில்லை. உள்ளே ஈரமில்லை.
பிளாஸ்டிக்கின் மேல் ஒரேயொரு சூடைச் செதில்.
அப்படியானால் வலையைத் தொட்டிருக்கிறார்.
எடுக்கப் பார்த்தேன், எனக்கு நகமில்லை.
அவரே கிள்ளியெடுத்து
நாக்கில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

கையைக் கழுவுங்க, மொதல்ல, என்றேன்.