உட்பிரிவு

ஸ்கேனில் எடுத்த என் முழங்காலைத்
திரையில் திருப்பித் திருப்பிக் காட்டினார் டாக்டர் தெபோரா.
சிவப்பு, பச்சை, நடுவே ஒரு கோடு.
"இதுதான் திட்டம்" என்றார்.
எனக்குத் தெரியாதா?
முப்பத்தொரு வருஷம் குறுவட்ட அளவர்.
புலப்படத்தைத் தலைகீழாய்ப் பிடித்தாலும்
எந்த மூலையில் எந்தக் கல் என்று சொல்லுவேன்.

"உள்பக்கம் ஏழு டிகிரி சாய்ந்திருக்கு.
நடுவில் குருத்தெலும்பே இல்லை,
எலும்பும் எலும்பும் உரசுது."
வரப்பில்லாத இரண்டு வயல்.
எழுதிக்கொள்ளுங்கள், தகராறு உண்டு.

அணைக்கட்டுப் பக்கம் நான் நடக்காத வரப்பு
இனிமேல் யாராவது வெட்டினால்தான் உண்டு.
சங்கிலி பிடித்து முன்னே போவார் பலராமன்.
கல்லைத் தேடி மண்டியிடுவது நான்.
நெருஞ்சி, சாணி, கரும்புச் சோகை,
எதன் மேலும் முதலில் பட்டது
இந்த வலது முட்டிதான்.

முதுகில் ஊசி.
இடுப்புக்குக் கீழே நான் இல்லை.
பச்சைத் துணிக்கு அப்பால் என் காலை
வேறு ஏதோ கிராமத்தில் வைத்திருந்தார்கள்.
மேலெலும்பில் இரண்டு கம்பி, கீழெலும்பில் இரண்டு,
அவற்றின் தலையில் பளபளக்கும் உருண்டைகள்.
மூலையில் நின்ற கேமரா
அவற்றை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.
டாக்டர் ஒரு முனையால் எலும்பைத் தொடத் தொட
இயந்திரம் சின்னதாய் ஒலி எழுப்பி ஒப்புக்கொண்டது.
எண்ணினேன். நாற்பது.
ஒரு ஏக்கருக்கு நான் அவ்வளவு புள்ளி எடுத்ததில்லை.

பிறகு ரம்பம்.
பிடித்திருந்தது டாக்டரின் கை,
கூடவே போனது இயந்திரத்தின் கை.
கோடு வந்ததும் நின்றுவிட்டது.
"அழுத்தினாலும் தாண்டாதும்மா"
என்று நர்ஸ் என் காதருகே சொன்னாள்,
தைரியம் சொல்வதாய் நினைத்து.

தொண்ணூற்றெட்டு, சித்திரை.
ஒடுகத்தூருக்கு மேற்கே ஓர் ஊர், பெயர் வேண்டாம்.
தலைவர் வீட்டிலிருந்து மோர் வந்தது.
கூடவே நாலு ஆள்.
"பார்த்து நடுங்கம்மா" என்றார்கள்,
வேறொன்றும் சொல்லவில்லை.
பூங்காவனத்தின் கிணறு
கல்லுக்கு இந்தப் பக்கம் இருந்தது.
மண்டியிட்டு நான் எழுந்தபோது அந்தப் பக்கம்.
பணம் வாங்கவில்லை. அதையே சொல்லிச் சொல்லி
இருபத்தாறு வருஷம் ஓட்டியாயிற்று.
அழுத்தினார்கள்.
தாண்டினேன்.

ஏசிக் குளிரில் கண்ணீர் காதுக்குள் இறங்கியது.
"வலிக்குதா?"
இல்லை என்றேன். அது மருத்துவப்படி உண்மை.

பக்கத்துக் கட்டில் மித்னாபூர்க்காரம்மா, இரண்டு காலும்.
"ஹாட்டு" என்று தன் கட்டைத் தொட்டுக் காட்டினார்.
"முட்டி" என்று நான் என் கட்டைத் தொட்டேன்.
அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.
அவர்கள் பாஷையில் அது கை முஷ்டியாம்,
விரல்களை மடக்கி என் முகத்துக்கு நேரே நீட்டினார்.
சாயங்காலம் அவர் மகன்
தொட்டப்பாளையம் லாட்ஜில் சமைத்த
மீன் குழம்பின் வாசனையோடு வந்தான்.

டாக்டரிடம் கேட்டேன்,
வெட்டிய எலும்பு எங்கே?
"எரிச்சிடுவோம்."
எந்தக் கணக்கில் வரும் அது,
பட்டாவா, புறம்போக்கா?
அவர் சிரித்துக்கொண்டே கோப்பில் எழுதினார்:
இனி மண்டியிட வேண்டாம்.

மறுநாள் வாக்கரோடு நடை.
கட்டிலிலிருந்து ஜன்னல் பதினெட்டு ஓடு.
வெளியே நாற்பத்திரண்டு டிகிரி,
வெயிலில் மலைகூடக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றது.
எக்ஸ்ரேயை அந்த வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
வெள்ளையாய் இரண்டு கல்.
நேராக நட்டிருக்கிறார்கள்.

பலராமனுக்குப் போன் போட்டேன்.
பூங்காவனத்துக்கு ஒரு பையன் இருந்தானே,
எங்கே இருக்கிறான் என்று விசாரியுங்கள்.
"எதுக்கும்மா இப்ப?"

பதில் தேடுவதற்குள்
பிசியோதெரபிப் பெண் கோணமானியோடு வந்துவிட்டாள்.
"மடக்குங்க."
மடக்கினேன்.
"இன்னும்."
தொண்ணூறு கேட்டாள். வந்தது எண்பத்து மூன்று.
எண்பத்து மூன்று என்றே எழுதச் சொன்னேன்.