தொண்ணூறடி ரோட்டில் ஒரு புள்ளி வட்டம்

மூன்று புள்ளி எட்டு ஜிபி.
இப்போதா, பிறகா என்று கேட்கிறது திரை.
வேண்டாம் என்பதற்கு
அவர்கள் பொத்தான் வைக்கவில்லை.

தாராவியில் மழை பிடித்தால்
ஜாதவின் கேபிளுக்குச் சளி பிடிக்கும்.
மூன்று மாடி, ஒரு தகரக் கூரை,
தோல் காயப்போடும் கொடி,
எல்லாவற்றின் மேலும் தொங்கித் தொங்கி வருகிற வயர்
நொடிக்குத் தொண்ணூறு கேபி தருகிறது.
"ரோட்டுப் பேருக்கு ஏத்த வேகம்தானே அக்கா"
என்கிறான் காஜா.
மீதம்: பதினோரு மணி நேரம் நாற்பது நிமிடம்.

நாளைக் காலை செல்லக்கனி வீட்டில் காதணி விழா.
எட்டுக்குப் பதினாறு ஃபிளெக்ஸ்,
நடுவில் யோகதர்ஷினி,
சுற்றிலும் தாய்மாமன்கள் பதினேழு பேர்,
அதில் ஒன்பது பேர் காதில் செல்போனோடு.

போன வருடம் ஒருமுறை, சரி என்று அழுத்தினேன்.
மறுநாள் திறந்தால்
கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்,
எழுத்து நின்ற இடத்தில்
வெறும் புள்ளி வட்டம்.
பொன்மாரி ஜவுளிக்கடைப் பெயரை
இரவெல்லாம் துண்டு துண்டாக வெட்டி ஒட்டினேன்.
விடிந்தபோது எனக்கே
பொ என்பது எப்படி இருக்கும் என்று சந்தேகம்.

"சில பிழைகள் சரிசெய்யப்பட்டுள்ளன."
அப்போதும் இதைத்தான் எழுதியிருந்தார்கள்.
எந்தப் பிழை என்று ஒரு வரி சொன்னால் என்ன?
நான் பழகிப்போன பிழையாக இருந்தால்?

ஆனால் ஒன்றாம் தேதிக்கு மேல்
பழையது திறக்காதாம்.
இன்று இருபத்தொன்பது.

அழுத்தினேன்.
ஒரு சதவீதம்.
கட்டிங் சாய் வந்தது, குடித்தேன், கிளாஸைத் திருப்பிக் கொடுத்தேன்.
ஒரு சதவீதம்.

பத்தரைக்குச் செல்லக்கனி போன் செய்தார்.
பெரிய மாமன் முதலில் வரணுமாம்,
முலுண்டில் இரண்டு ஃபிளாட் இருக்கிறதாம்,
மூன்றாம் வரிசையில் பார்த்தால்
செய்முறை சுருங்கிவிடுமாம்.
நான்கு சதவீதத்தில் நிறுத்தினேன்.
மாமனை மேலே ஏற்றினேன்.
இறக்கப்பட்டவரை எங்கே வைப்பது என்று தெரியாமல்
கேக் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அச்சடிப்பது சாக்கிநாக்காவில்.
ஃபைல் இருநூற்றுப் பத்து எம்பி,
மெயிலில் போக நாற்பது நிமிடம்,
அதுவும் ஜாதவின் வயர் தும்மாமல் இருந்தால்.
பென்டிரைவைப் பால் கவரில் சுற்றிச்
சட்டைக்குள் போட்டுக்கொண்டான் காஜா.
பைக்கில் முப்பத்தைந்து நிமிடம்,
நனைந்தாலும் நூறு சதவீதம் போய்ச் சேரும்.

வாசலில் நின்று கேட்டான்:
"அங்க நெட்டு நல்லா ஓடும்க்கா,
திரும்பும்போது அதையும் இறக்கிட்டு வரவா?"

பால் கவருக்குள் இன்னும் இடம் இருந்தது.
"பார்த்துப் போ, பாலத்துக்குக் கீழே தண்ணி நிற்கும்"
என்றேன்.

அவன் போன பிறகு
திரை மறுபடியும் கேட்டது.
வயரைப் பிடுங்கினேன்.
புதுப் பக்கம் ஒன்று திறந்து
யோ என்று மட்டும் அடித்துப் பார்த்தேன்,
நூற்றிருபது பாயிண்டில், தடித்த எழுத்தில்.

சேர்ந்துதான் இருக்கிறது.